சினைக்கு உரியவர்கள்

நேர்மை என்ற சொல்லுக்கு இன்னதுதான் பொருள் என்று கடைசியில் ஒரு முடிவு வந்தேவிட்டது. ஞானிகளும் மதத்தலைவர்களும் தலைமுறை தலைமுறையாக மண்டையை உடைத்துக்கொண்டும் முடிக்காமல் விட்டுப்போன இந்தப் பெரும்பணி, ஒரு தவக்காலத்தின் இரண்டாவது வாரத்தில், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில், மீன் வெட்டும் பெண்கள் உட்காரும் வரிசையில், எல்சி என்பவளால் கையில் எடுக்கப்பட்டது என்பதை மனிதகுலம் குறித்துக்கொள்ளட்டும். எல்சிக்கு மனிதகுலத்தின்மேல் தனிப்பட்ட அக்கறை ஏதும் கிடையாது. அவளுக்கு வேண்டியதெல்லாம் அவளுடைய ஓரகத்தி ஜூடி கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். அவ்வளவுதான்.

துறைமுகத்தில் மீன் வாங்குகிறவர்கள் அதைப் பையோடு தூக்கிக்கொண்டு இந்த வரிசைக்கு வருவார்கள். அரிவாள்மனைக்கு முன்னால் குந்தியிருக்கும் பெண் செதிலைச் சுரண்டி, செவுளைப் பிடுங்கி, வயிற்றைக் கீறித் துண்டு போட்டுக் கொடுப்பாள். துண்டுகள் மீன் வாங்கியவருக்கு. தலையும் கேட்டால் கிடைக்கும். வயிற்றுக்குள் இருப்பது, குடலோ ஈரலோ, சினைக்காலமென்றால் மஞ்சளாகப் பளபளக்கும் முட்டைச் சினையோ, வெட்டுகிறவளின் வலது பக்கத்துத் தகர டப்பாவுக்குள் போய்விடும். இப்படி ஒரு சட்டத்தை யாரும் போடவில்லை. யாரும் கேட்டதும் இல்லை. எல்சியின் கை அவளைக் கேட்காமலேயே கீறும், வழிக்கும், டப்பாவில் எறியும்; வாய் அந்த நேரம் பக்கத்து ஜெயக்கொடியிடம் ஊர் வம்பு பேசிக்கொண்டிருக்கும். சினையை மட்டும் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோய், மிளகு தட்டிப்போட்டு வறுத்துத் தன் வீட்டுக்காரர் சவரிநாதனுக்கு வைப்பாள். திருவொற்றியூரில் கன்டெய்னர் யார்டு ஒன்றில் பெட்டிகளைக் கட்டி இறுக்குகிற அந்த மனிதருக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே ஆடம்பரம் அது.

ஜூடி, சவரிநாதனின் தம்பி சைமனைக் கட்டிக்கொண்டு எண்ணூரிலிருந்து வந்தவள். வந்த புதிதில் அவளுக்குச் சங்கரா மீனைக்கூட வெட்டத் தெரியாது. விரலை வெட்டிக்கொண்டு நின்றவளுக்குத் துணி சுற்றிவிட்டு, கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தது எல்சிதான். அந்தக் காலத்தில் எல்சிக்கு ஜூடியை நிரம்பப் பிடித்திருந்தது. தன்னைவிட மோசமாக வெட்டுகிற ஒருத்தியைப் பிடிக்காமல் போக எந்தக் காரணமும் இல்லை.

வினை எங்கே தொடங்கியதென்றால், ஜூடி தன் டப்பாவில் விழுந்த சினையை நல்லெண்ணெயில் பூண்டும் புளியும் காய்ந்த மிளகாயும் போட்டுத் தொக்காகக் கிளறி, பாட்டிலில் அடைத்து, அரிவாள்மனைக்குப் பக்கத்திலேயே வைத்து விற்க ஆரம்பித்தாள். அதை ஒரு பெண் கைப்பேசியில் வீடியோ எடுத்துப் போட்டாள். லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். வீடியோ எடுத்தவள் வேறு யாருமில்லை, எல்சி பெற்ற மகள் ஜெனி. அந்த வீடியோவில் சித்தி சிரிக்கிறாள், கிளறுகிறாள், கடலைப் பார்க்கிறாள். இடது ஓரத்தில் ஒரு முழங்கை மட்டும் செதில் ஒட்டியபடி மேலும் கீழும் ஆடுகிறது. அது எல்சியுடையது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால், “வீடியோல வந்தது உன் முழங்கைதானே எல்சி?” என்று நான்கு பேராவது விசாரித்தார்கள்.

அண்ணா நகரிலிருந்தெல்லாம் காரில் வந்து இறங்கினார்கள். சரியாக எல்சிக்கு முன்னால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நின்று, “தொக்கு அக்கா எங்க?” என்று கேட்டார்கள்.

“தொக்கு அக்கா செத்துப்பூட்ச்சு. மீன் வெட்டணும்னா குடு,” என்பாள் எல்சி.

“சொம்மா சொல்லுது சார், தோ இங்க கீறேன்!” என்று ரெண்டு அரிவாள்மனை தள்ளி ஜூடி கையை ஆட்டுவாள். அந்தச் சிரிப்பில் விஷமம் ஏதாவது இருந்திருந்தால் எல்சிக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். இல்லை.

ராயபுரத்தில் அவர்கள் வீடு மேலும் கீழுமாக இரண்டு குடித்தனம். கீழே எல்சி, மேலே ஜூடி. மாசி வெயிலில் கடற்காற்று வர மத்தியானம் தாண்டிவிடும். காற்று வந்தால் மாடியில் கிளறுகிற தொக்கின் வாசனையும் சேர்ந்து படியிறங்கி வந்து எல்சியின் கட்டிலில் உட்கார்ந்துகொள்ளும். ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் ஜூடி. ஒவ்வொரு முறையும் முதல் பாட்டில் கீழேதான் வரும். ஜெனிதான் எடுத்து வருவாள்.

“யம்மா, சித்தி குட்த்துச்சு.”

“வை அங்க.”

“ஒரு தபாவாச்சும் தொறந்து பாரும்மா.”

“உப்பு கரிக்கும்.”

“துன்னு பாக்காமயே இன்னாமா தெரியும்?”

“வாசனையிலயே தெரியுது. இருவது வருசமா மீன்ல பொழங்குறவளுக்குத் தெரியாதா? நீ போ, போய் உங்க சித்திக்கு சாமரம் வீசு.”

பாட்டில்கள் அரிசி டிரம்முக்குப் பின்னால் திறக்கப்படாமல் வரிசை கட்டின. உப்பு கரிக்கும் என்ற செய்தி மட்டும் திறக்கப்பட்டு, கோயில் வாசல், ரேஷன் கடை, தண்ணி லாரி என்று ராயபுரத்தில் பாதிக்குப் பரவியது.

சவரிநாதன் ஒருநாள் கேட்டேவிட்டார். “இன்னாத்துக்கும்மே இப்டி எரியிற? அது யார் சோத்துல மண்ண போட்ச்சு?”

“அடுத்தவன் மீன் வயித்துல கீறத எட்த்து பாட்டில்ல போட்டு விக்கிறா. அது திருட்டு இல்லியா?”

“நீ வறுத்துப் போடுறியே, அது?”

“அது நம்ம வூட்டுக்கு.”

இந்த விளக்கத்தில் சவரிநாதன் திருப்தி அடைந்தார். தட்டில் சினை இருந்தது.

ஜூடி பாட்டில் வாங்குமிடத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்று எல்சி ஒரு வியாழக்கிழமை அவளுக்குத் தெரியாமல் யானைக்கவுனிவரை பின்னாலேயே போனாள். கண்டுபிடித்து என்ன செய்வதாக இருந்தாள் என்பது அவளுக்கே தெரியாது. பொறாமை முன்னால் நடக்கும்போது திட்டம் பின்னால்தான் வரும். தெற்கத்திக்காரர் பொன்ராஜின் பிளாஸ்டிக் பாட்டில் மொத்தக் கடைக்குள் ஜூடி நுழைந்தாள், பாட்டில் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எல்சி நிமிர்ந்து பார்த்தாள். கடைக்கு மேலே, மாடி அறையைவிட நீளமாக ஒரு பலகை: பெனிட்டோ, பி.ஏ., பி.எல்., வழக்கறிஞர். பொன்ராஜின் தம்பி. ஆண்டவரே வழிகாட்டிவிட்டதாக எல்சி படியேறினாள்.

பெனிட்டோவுக்குக் கட்சிக்காரர்கள் படியேறி வருவது அடிக்கடி நடப்பதில்லை. ஆகவே கோட்டை மாட்டிக்கொண்டு, புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, கேட்டார்.

“சார், நேர்மையில்லாதவங்க மேல கேஸ் போடணும்.”

“எம்மா,” என்றார் பெனிட்டோ, மூன்று நீதிபதிகள் கேட்பதுபோல. “அந்த வார்த்தைய எல்லாரும் சும்மா விட்டெறியுதாங்க. சட்டத்துக்குப் பேரு மாறிட்டு, நம்பரு மாறிட்டு, அந்த வார்த்தைக்கு அர்த்தம் மட்டும் மாறல. ஒருத்தருக்கு முறையில்லாம லாபம், இல்லேன்னா இன்னொருத்தருக்கு முறையில்லாம நட்டம் உண்டாக்கணும்ங்கற எண்ணத்தோட செஞ்சாத்தான் அது நேர்மையில்லாத காரியம். எண்ணம். அதுல்லா முக்கியம், பாத்துக்கிடுங்க.”

இன்னொருத்தருக்கு நட்டம் உண்டாக்கணும் என்ற எண்ணம். எல்சி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அறையில் அந்த எண்ணம் யாரிடமாவது இருந்தால் அது பெனிட்டோவிடம் இல்லை என்று மட்டும் அவளுக்குத் தெரிந்தது.

முழுக் கதையையும் சொன்னாள். “ஏமாத்துக்காரின்னு போட முடியுமா சார்?”

“யாரை ஏமாத்துனா? பொய்யச் சொல்லி நம்பவச்சு, அந்த நம்பிக்கையில ஒருத்தர் எதையாவது குடுத்துருக்கணும். அவ என்ன சொல்லி விக்கா?”

“சினைத் தொக்குன்னு.”

“உள்ள சினை இருக்கா?”

“கீது.”

“அப்ப உண்மையல்லா சொல்லுதா.”

“திருட்டுன்னு போட்டா?”

“சம்மதம் இல்லாம எடுத்தாத்தான் திருட்டு. சம்மதத்த வாய்விட்டுச் சொல்லணும்னு இல்ல. கண்ணு முன்னால எடுக்கும்போது பாத்துட்டுச் சும்மா நின்னாலும், சரின்னு அர்த்தம் பண்ணிக்கிடலாம்.”

“அப்போ இந்த நாட்ல ஒண்ணியுமே பண்ண முடியாதா?” என்றாள் எல்சி. பெரியாஸ்பத்திரி வராந்தாவில் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறவளைப்போல அவர் முகத்தையே பார்த்தாள்.

பெனிட்டோவுக்கு இரக்கம் வந்தது. பக்கத்தைப் புரட்டினார். “நம்பிக்கை மோசடின்னு ஒண்ணு இருக்கு. நம்பி ஒப்படைச்ச பொருளை, நேர்மையில்லாம, தனக்குன்னு எடுத்துக்கிடுதது. மீனை நம்பித்தான் ஒப்படைக்காங்க. அதுக்குள்ளதான் சினை இருக்கு.”

“அதான் சார்! அதான்! நம்பிக்கை மோசடி!” எல்சி அந்தச் சொல்லைப் பண்டிகைக்கு எடுத்த புடவையைப்போலத் தடவிப் பார்த்தாள்.

“பொறுங்க. நீங்களும்லா எடுக்கீங்க?”

“நா எட்த்து இன்னா சார், எங்க வூட்டுக்காரருக்கு மொளகு போட்டு வறுத்துக் குடுப்பேன்.”

“அப்ப நீங்க ஒண்ணாம் எதிரி, வீட்டுக்காரர் ரெண்டாம் எதிரி.” பெனிட்டோ தானே சிரித்துக்கொண்டார். “வழிய நான் சொல்லுதேன். மீன் குடுத்தவங்க யாராவது, ‘என் சினைய என்கிட்ட குடு’ன்னு கேக்கணும். அவ குடுக்க மாட்டேன்னு சொல்லணும். அன்னைக்கு வாங்க, மத்தத நான் பாத்துக்கிடுதேன்.” கோட்டுக்குள் கைவிட்டுப் பணம் எடுத்து நீட்டினார். “பீஸ் பொறவு பாப்போம். அடுத்த தடவ வரும்போது எனக்கு ஒரு மடவை வாங்கி, வெட்டி எடுத்துட்டு வாங்க. நல்ல மீனாப் பாருங்க.”

படியிறங்கும்போது எல்சிக்குத் திட்டம் முழுசாகக் கிடைத்துவிட்டது. சினை தங்களுடையது என்று ஜனங்களுக்குத் தெரியாததால்தானே கேட்பதில்லை? தெரியவைத்துவிட்டால்? கேட்பார்கள். ஜூடி தர மாட்டாள். எப்படித் தருவாள், பாட்டிலுக்கு என்ன செய்வாள்?

மறுநாள் காலை வரிசையில் முதலில் வந்தவள் ஷரீஃபுன்னிசா. டோல்கேட்டில் பிரியாணிக் கடை வைத்திருப்பவள், வாரம் தவறாமல் எல்சியிடம்தான் வெட்டக் கொடுப்பாள். ஷீலா மீன். எல்சி வயிற்றைக் கீறினாள். டப்பாப் பக்கம் போன கையை அந்தரத்திலேயே நிறுத்தி, சினையைத் தனிப் பையில் போட்டு நீட்டினாள்.

“இந்தா ஷரீஃபாக்கா. உன் சினை.”

“இன்னாத்துக்கு?”

“உன்னுது. மீன் உன்னுது, அதும் வயித்துல கீறதும் உன்னுது.” எல்சி கழுத்தை ஜூடி இருந்த பக்கம் திருப்பிக் குரலை ஏற்றினாள். “நா நாணயமானவ! மத்தவங்க மாரி அமுக்கிக்க மாட்டேன்!”

“இத்தினி வருசமா நீதானே எட்த்துகினு கெடந்த?”

“அப்போ எனக்கு சட்டம் தெரியாது.”

ஷரீஃபுன்னிசா பையைத் தூக்கிப் பார்த்தாள். அப்புறம் ரெண்டு மனை தள்ளி நடந்தாள். எல்சி காதைத் தீட்டினாள்.

“இந்தா ஜூடி. இத்தயும் போட்டுக் கிண்டு. எனக்கு ஒரு பாட்டில் எட்த்து வை.”

“ஐயோ, இது உன்னுதாமே அக்கா. எங்கக்கா சொல்லுதே, கேக்கல? வூட்டுக்கு எட்த்தும் போ.”

“வூட்ல யாரு இத்த ஆஞ்சுகினு கலீஜ் பண்ணிகினு இருப்பாங்க? நா குடுக்கறேன், நீ வச்சுக்க.”

“மனசார குடுக்கிறியா?”

“மனசாரதான் தாயே.”

எல்சி கீறிக்கொண்டிருந்த அடுத்த மீன் இரண்டு பக்கமும் கிழிந்தது.

அந்த வாரம் முழுக்க எல்சி நேர்மையாக இருந்தாள். அவள் எவ்வளவுக்கெவ்வளவு நேர்மையாக இருந்தாளோ அவ்வளவுக்கவ்வளவு ஜூடிக்குச் சினை சேர்ந்தது. எல்சியிடம் வெட்டக் கொடுத்தவர்கள் பையை வாங்கி நேராக ஜூடியிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். கொடுத்தவர்களெல்லாம் உரிமையோடு பாட்டிலுக்குச் சொல்லிவைத்தார்கள். ஜூடியின் டப்பா போய் பக்கெட் வந்தது. ஜெனி புதிதாக லேபிள் அடித்துக் கொடுத்தாள்: ‘வாடிக்கையாளர்கள் மனமார வழங்கிய சினையில் செய்தது.’

வரிசையில் மற்றப் பெண்களின் பிழைப்பு நாறிப்போனது. அவர்களும் சினையை யார் யாருக்கோ கொடுத்து நாலு காசு பார்த்தவர்கள்தான். ஜெயக்கொடி அரிவாள்மனையைக் கவிழ்த்துவிட்டு எழுந்து நின்றாள்.

“யம்மே நாணயக்காரி! உன் நாணயத்த கொண்டும்போய் கடல்ல போடு! வர்றவன் போறவன் எல்லாம் என் சினை எங்கன்னு கேக்குறான். ஆம்பள மீன் வாங்குனவன்கூட கேக்குறான்மே!”

“அவங்க பொருள அவங்க கேக்குறாங்க. உனக்கு இன்னா நோவு?”

“உனக்கு ஜூடிய புடிக்கலன்னா ஜூடி மயிரப் புடிச்சு இழு. நா தடுக்க மாட்டேன். நடுவுல எங்கள இன்னாத்துக்கு பேஜார் பண்ற?”

வரிசை மொத்தமும் சிரித்தது. ஜூடி மட்டும் தலையைக் குனிந்துகொண்டு வெட்டிக்கொண்டிருந்தாள். அதுதான் எல்சிக்குத் தாங்கவில்லை. அவளும் சேர்ந்து சிரித்திருந்தால் ஒரு பிடி பிடித்திருக்கலாம்.

வீட்டில் வெள்ளிக்கிழமைச் சோற்றைப் பிசைந்துகொண்டே சவரிநாதன் தட்டின் ஓரத்தைத் தேடினார்.

“சினை எங்கம்மே?”

“தவக்காலம். வாயக் கட்டு.”

“தவக்காலத்துல கறிதான் வேணாங்கிறாங்க. சினை இன்னா பாவம் பண்ணுச்சு?”

“அது அடுத்தவங்க சொத்து.”

 சவரிநாதன் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். “ஜெனி மேலதான் துன்றா. நானும் அங்க போறேன்.” படியேறும் சத்தம் கேட்டது. மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது. பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது. புருஷன், மகள், மீன் வயிற்றில் இருப்பது, எல்லாம் ஒவ்வொன்றாக மாடியேறிவிட்டதை எல்சி கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அரிசி டிரம் இருந்தது. அதற்குப் பின்னால் அவள் எட்டிப் பார்க்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை, வக்கீல் பணத்தில் அருமையான மடவை ஒன்றை வாங்கினாள். வரிசையில் இப்போது அவளோடு யாரும் பேசுவதில்லை. ஆகவே தனக்குத்தானே பேசிக்கொண்டாள். பெனிட்டோவிடம் என்னென்ன சொல்ல வேண்டும், எப்படி அழ வேண்டும் என்று முணுமுணுத்தபடியே மீனைச் சுத்தம் செய்து, பையில் கட்டி, கூடையைத் தூக்கிக்கொண்டு யானைக்கவுனிக்குப் பஸ் ஏறினாள்.

பெனிட்டோ நடந்ததையெல்லாம் கேட்டார்.

“மனசார குடுக்கேன்னு வாய்விட்டே சொல்லிட்டாங்களா? லேபிள்லயும் போட்டாச்சா? எம்மா, முன்னால அவ பேர்ல ஒரு நூலளவு சந்தேகமாவது இருந்துச்சு. அதையும் நீங்க துடைச்சுக் குடுத்துட்டீங்க. சென்னைப் பட்டணத்துல இப்ப அவளவிட சுத்தமா யாவாரம் பண்ணுத ஆளு கிடையாது.” ஆறுதலாக மீன் பையைப் பிரித்தார். துண்டுகளைப் புரட்டினார். இன்னொருமுறை புரட்டினார். “சினை எங்க?”

எல்சிக்குப் புரியவில்லை.

“மடவைக்கு இது சினைக்காலம்லா. அதுக்குத்தான மடவை கேட்டேன்?”

எல்சி தன் வலது கையைப் பார்த்தாள். அப்புறம் தன் கூடையைப் பார்த்தாள். கூடைக்குள் தகர டப்பா இருந்தது. டப்பாவைத் திறந்தாள். இரண்டு மடலாக, முழுசாக, எலுமிச்சை நிறத்தில் அது கிடந்தது. இருபது வருஷப் பழக்கம். வாய் நீதி கேட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது கை தன் வேலையைப் பார்த்திருந்தது.

“ஆகா,” என்று பெனிட்டோ நாற்காலியில் நிமிர்ந்தார். வாழ்நாளில் முதல்முறையாக அவருக்கு ஒரு வழக்கு கச்சிதமாக அமைந்திருந்தது. “பணம் என்னுது. மீன் என்னுது. நம்பி ஒப்படைச்சேன். நம்பிக்கை மோசடி, நம்பிக்கை மோசடின்னு தேடினீங்களே, கிடைச்சிட்டு.”

“சார், மாதா சத்தியமா சார், வேணும்னு எடுக்கல! கை அதும்பாட்டுக்கு போய்ட்ச்சு. எல்லாரும் பண்றதுதான் சார், பயக்கம். எனக்கு அந்த மாரி எண்ணமே இல்ல!”

“எண்ணம் இல்லேல்லா?”

“இல்ல சார்!”

“அப்ப குத்தமும் இல்ல. போங்க.” பெனிட்டோ புத்தகத்தை மூடினார். “உங்க ஓரகத்தியும் கோர்ட்ல இதேதான் சொல்லிருப்பா.”

எல்சி டப்பாவை மேஜைமேல் வைத்தாள். பெனிட்டோ அதை அவள் பக்கமே தள்ளினார். “இத நான் வச்சு என்ன செய்ய? கீழ அண்ணன் ஒரு பாட்டில் வாங்கி வச்சிருக்கான், சாப்பிட்டுப் பாத்தேன். அந்த அம்மாகிட்டயே குடுத்து எனக்கும் அதே மாதிரி தொக்கு போட்டு வாங்கிட்டு வாங்க. உங்கள நம்பித்தான் குடுக்கேன்.”

“உப்பு கரிக்கும் சார்,” என்றாள் எல்சி, பழக்க தோஷத்தில்.

“இல்லியே?” என்றார் பெனிட்டோ.

வீட்டுக்கு வந்து, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கீழ்ப்படியில் கொஞ்சநேரம் உட்கார்ந்தாள். அடுத்தவர் நம்பி ஒப்படைத்த பொருளை என்ன செய்ய வேண்டும் என்பதில் இப்போது அவளுக்குச் சட்டபூர்வமாகவே சந்தேகம் இல்லாமல் போய்விட்டிருந்தது. எழுந்து ஏறினாள். அந்தப் படிகளில் அவள் கால்பட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

மாடியில் ஜூடி சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள். ஜெனி கைப்பேசியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சவரிநாதன் மூலையில் தட்டோடு உட்கார்ந்து, பார்க்காததுபோலப் பார்த்தார்.

“இது யானக்கவுனி வக்கீலுது,” என்று எல்சி டப்பாவை நீட்டினாள். “தொக்கு வேணுமாம்.”

எந்த வக்கீல், அவரிடம் உனக்கென்ன வேலை என்று ஜூடி கேட்கவில்லை. எல்சி முணுமுணுத்ததைக் கேட்டு வரிசையில் ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. “வை அக்கா அங்க. துன்னியா?”

“ஆச்சு.”

“எங்க துன்ன? காலைலேந்து டீ மட்டுந்தான் குட்ச்ச. நா பாத்துகினுதானே இருந்தேன்.”

“யம்மா, கொஞ்சம் தள்ளி நில்லு,” என்றாள் ஜெனி. “முழங்கை வருது.”

ஜூடி திரும்பி ஜெனியை ஒரு பார்வை பார்த்தாள். ஜெனி கைப்பேசியை இறக்கினாள். அடுப்பைத் தணித்துவிட்டு, கரண்டி நுனியால் ஒரு சொட்டுத் தொக்கை எடுத்து ஊதி, ஜூடி அதை நீட்டினாள்.

“கையக் காட்டு அக்கா. எனக்கு நாக்கு மரத்துப்பூட்ச்சு. உப்பு பாத்து சொல்லு.”

எல்சி உள்ளங்கையை நீட்டினாள். சூடாக விழுந்தது. ராயபுரத்தில் பாதிப்பேருக்கு அவள் ஏற்கெனவே தீர்ப்பு சொல்லியிருந்தாள். நக்கினாள். மூன்று பேரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

உப்பு சரியாக இருந்தது.